செவியாவில் கிறிஸ்துமஸ்: ஊர் சரி, தேதியைத் தள்ளிப் போடுங்கள்

கேள்வி இது. டிசம்பர் 20 முதல் 29 வரை விடுப்பு. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர், குளிர் ஒத்துக்கொள்ளாத வயதான பெற்றோர், எல்லோரும் சைவம். பனி கொட்டாத ஓர் ஐரோப்பிய நகரத்தில் கிறிஸ்துமஸைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் தெற்கிலுள்ள செவியா சரிவருமா? ஆங்கிலத்தில் செவில் என்பது இந்த ஊரைத்தான்.

ஊர் சரி. தேதிகள்தான் சரியில்லை. விடுப்பை ஒரு வாரம் தள்ள முடிந்தால் டிசம்பர் 28-இல் வந்து ஜனவரி 7-இல் புறப்படுங்கள். ஸ்பெயினில் டிசம்பர் 24 இரவும் 25-ஆம் தேதியும் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. உறவினர் வீடு இல்லாதவருக்கு அந்த முப்பது மணி நேரத்தில் தெருவில் அதிகம் கிடைக்காது. தெருவில் நடக்கும் பெரிய கொண்டாட்டம் ஜனவரி 5-ஆம் தேதி மாலை. பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவோர் இங்கே மரபாகக் கீழ்த்திசையிலிருந்து வந்த மூன்று ராஜாக்கள்தான். கிறிஸ்துமஸ் தாத்தாவும் இப்போது வருகிறார். ஆனாலும் அவர்கள் இடத்தை அவர் பிடிக்கவில்லை. டிசம்பர் 29-இல் கிளம்புவது, தேரோட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஊரைவிட்டுப் போவது போல.

முதலில் குளிர். ‘மிதமான வானிலை’ என்று படித்துவிட்டு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். டிசம்பர் கடைசியில் செவியாவில் பகல் உச்சம் சராசரியாக 16, 17 டிகிரி. விடியற்காலையில் 6, 7. வெயில் அடிக்கும் மதியத்தில் வெளியே மேசை போட்டுச் சாப்பிடலாம், ஸ்வெட்டர் மட்டும் போதும். சிக்கல் வீட்டுக்குள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. அதனால் வீடுகள் வெப்பத்தை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டவை: தடித்த சுவர், பளிங்கு அல்லது ஓட்டுத் தரை, உள்முற்றம், வெயில் இறங்காத குறுகிய சந்துகள். அதே வீடு குளிர்காலத்தில் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூடேற்றாத அறை 15 டிகிரியில் நிற்கும்போது வெளியே 17 இருக்கும். பெற்றோருக்கு இது தெருக் குளிரைவிட மோசம், ஏனென்றால் இரவு முழுக்க அதில்தான் படுத்திருக்க வேண்டும்.

ஆகவே வாடகை வீடு எடுப்பதானால் பதிவு செய்வதற்கு முன் உரிமையாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ‘ஒவ்வொரு படுக்கையறையிலும் காலெஃபாக்சியோன் இருக்கிறதா?’ அந்தச் சொல்லுக்கு வீட்டைச் சூடேற்றும் வசதி என்று பொருள். பெரும்பாலும் அது ‘போம்பா தெ காலோர்’ ஆக இருக்கும், அதாவது வெப்பமும் தரும் ஏசி. கூடத்தில் மட்டும் ஒன்று வைத்துவிட்டு ‘ஏசி உண்டு’ என்று எழுதியிருப்பார்கள். அது போதாது. முற்றத்தைப் பார்த்த தரைத்தள வீட்டை விடுத்து, தெற்கு நோக்கிய மேல்மாடியைத் தேடுங்கள். லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள், பழைய நகரத்தில் பல கட்டடங்களில் கிடையாது.

வந்து சேர்ந்தபின் ஏசி குளிர்காற்று ஊதுகிறதென்றால் ரிமோட்டில் சூரியன் படம் வரும்வரை பயன்முறையை மாற்றுங்கள், 21 டிகிரியில் வையுங்கள். கல் சுவர் சூடேற நேரமாகும். படுக்கும்போது போட்டால் போதாது, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் மின்சாரம். ஸ்பெயினில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மின்திறன் வரம்பு ஒப்பந்தத்தில் இருக்கும். சிறிய வீடுகளுக்கு அது பெரும்பாலும் 3.45 அல்லது 4.6 கிலோவாட். ஒரு கெட்டில் 2, முடி உலர்த்தி 1.8, ஏசி 1 என்று கூட்டிப் பாருங்கள், வரம்பு தாண்டிவிடும். வீடே இருண்டு போகும். பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு சாதனங்களை அணைத்துவிட்டு, வாசலருகே உள்ள பெட்டியில் முதன்மை சுவிட்சைக் கீழே இறக்கி, சில நொடிகள் விட்டு மேலே ஏற்றுங்கள். மின்சாரத்தில் வெந்நீர் போடும் வீடானால் தொட்டி சிறியதாக இருக்கும். ஆறு பேரும் அடுத்தடுத்துக் குளிக்க முடியாது, பாதிப் பேர் இரவில், பாதிப் பேர் காலையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளில் ‘மேசா கமிய்யா’ இருக்கும். தரைவரை தொங்கும் கனமான துணி போர்த்திய வட்ட மேசை, அடியில் ஒரு சிறு மின் கணப்பு. கால்களைத் துணிக்குள் நீட்டி உட்கார்ந்தால் உடம்பு முழுவதும் இதமாகிவிடும். முதியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஈரத்துணியைக் காயவைக்க அதன்மேல் போடக் கூடாது, தீப்பிடிக்கும். காலைக் கணப்புக்கு மிக அருகில் மணிக்கணக்கில் வைக்கவும் கூடாது, தோலில் வலை போலச் சிவந்த தழும்பு விழும்.

மழைக்கும் இடம் விடுங்கள். டிசம்பர் இங்கே ஆண்டின் ஈரமான மாதங்களில் ஒன்று. சில ஆண்டுகளில் பத்து நாளும் வெயில், சில ஆண்டுகளில் நான்கு நாள் தொடர்ந்து தூறல். நனைந்த கற்தெருக்கள் வழுக்கும். குடையைவிடத் தொப்பியுள்ள மழைச் சட்டையும், அடிப்பகுதி பிடிப்பான காலணியும் உதவும். வீட்டுக்குள் போடத் தடித்த செருப்பு ஒரு ஜோடி ஒவ்வொருவருக்கும் எடுத்து வையுங்கள். பலரும் மறப்பது இதுதான்.

பொழுதும் நாம் நினைப்பது போல இருக்காது. ஸ்பெயின் மேற்கே இருந்தாலும் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் இந்த நாட்களில் சூரியன் உதிப்பது காலை 8.35 வாக்கில், மறைவது மாலை 6.10 வாக்கில். காலை ஏழரைக்கு ஆட்களைக் கிளப்பினால் இருட்டில்தான் நடப்பீர்கள். பத்து மணிக்குக் கிளம்பி, மதியம் வெயிலில் உட்கார்ந்து, வீடு திரும்பி ஓய்வெடுத்து, ஆறரைக்கு விளக்கு அலங்காரம் பார்க்கப் போவது இந்த ஊரின் தாளத்துக்குப் பொருந்தும். அவெனிதா தெ லா கோன்ஸ்தித்துசியோன், பிளாசா நுவேவா, சியெர்பெஸ், தெத்துவான் ஆகிய தெருக்களை ஒரே சுற்றில் நடந்து முடிக்கலாம். டிராம் ஓடும் முதல் சாலையையும் அது வந்து நிற்கும் பிளாசா நுவேவாவையும் தவிர மற்ற இடங்களில் வண்டி பயம் கிடையாது.

தெருவோரமெல்லாம் ஆரஞ்சு மரங்கள், ஊர் முழுக்க 40,000-க்கும் மேல். நீங்கள் வரும்போது கிளை தாழப் பழுத்திருக்கும். பிள்ளைகள் பறிக்கப் போவார்கள். இது கசப்பு ஆரஞ்சு, வாயில் வைக்க முடியாது, மர்மலேட் செய்யத்தான் உதவும். வண்டிப் புகையும் படிந்திருக்கும். ஸ்பானியச் சொல் ‘நரான்ஹா’. அது அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் போன திராவிடச் சொல் என்பது சொல்லாய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. நம் நாரத்தையின் உறவுக்காரச் சொல் இந்த ஊர்த் தெருவெங்கும் காய்த்துத் தொங்குகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்.

இப்போது நாட்கள். தேதியை மாற்றவே முடியாது என்றால், டிசம்பர் 24 எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். நண்பகலிலிருந்து மதுக்கடை வாசல்களில் நண்பர் கூட்டம் தெருவை அடைத்து நிற்கும். மாலை ஆறேழு மணிக்குள் எல்லாம் வடிந்து, கடைகளும் உணவகங்களும் மூடிவிடும், பேருந்தும் வழக்கத்தைவிட முன்னதாகவே நின்றுவிடும். இரவு பத்து மணிக்கு நகரம் காலியாக இருக்கும். அன்று மதியம் இரண்டு மணிக்குள் இரண்டு நாளுக்கான பால், ரொட்டி, காய்கறி வாங்கிவிடுங்கள், 25-ஆம் தேதி பெரிய பல்பொருள் அங்காடிகள் திறக்காது. இரவு நள்ளிரவுத் திருப்பலி உண்டு, அதற்குச் ‘சேவல் பூசை’ என்று பெயர். எல்லாக் கோவில்களிலும் அது சரியாகப் பன்னிரண்டுக்குத் தொடங்குவதில்லை, வாசல் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடில்கள் மட்டும் எந்தத் தேதியில் வந்தாலும் கிடைக்கும். ‘பெலேன்’ என்பது பெத்லகேம் என்ற ஊர்ப்பெயரின் ஸ்பானிய வடிவம். இங்கே குடில் என்றால் மாட்டுத்தொழுவம் மட்டும் இல்லை. கார்க் மரப்பட்டையில் மலை, மோட்டார் வைத்த ஓடை, ரொட்டி சுடுபவர், தண்ணீர் சுமப்பவர், ஆடு மேய்ப்பவர் என முழு ஊரே இருக்கும். நம் வீட்டுக் கொலுவில் பூங்காவும் செட்டியார் கடையும் வைத்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடித்துப்போகும். பிளாசா தெ சான் ஃபிரான்சிஸ்கோவில் காஹாசோல் அறக்கட்டளை வைப்பது பெரியது, பக்கத்திலேயே நகராட்சிக் கட்டடம். சால்வதோர் கோவிலும் கதீட்ரலும் நடந்து போகும் தொலைவில். சனி, ஞாயிறு மாலை வரிசை நீண்டிருக்கும், வேலைநாள் காலையில் போங்கள். குடில் பொம்மைகள் விற்கும் சந்தை கதீட்ரலை ஒட்டி நவம்பரிலேயே தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். டிசம்பர் 28-இல் வந்தால் அது கிடைக்காது, இந்த ஒரு நஷ்டம் உண்டு.

டிசம்பர் 28 மாசற்ற குழந்தைகள் நாள். ஏப்ரல் முதல் நாள் போல ஏமாற்றி விளையாடுவார்கள், அன்றைய செய்தித்தாளிலும் ஒரு பொய்ச் செய்தி வரலாம்.

டிசம்பர் 31 இரவுக்குப் பன்னிரண்டு திராட்சை. நள்ளிரவு மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம், மணிகளுக்கு இடையே ஏறக்குறைய மூன்று நொடி. செவியாவில் கூட்டம் சேருமிடம் பிளாசா நுவேவா. எல்லோரும் செய்யும் தவறு, பன்னிரண்டுக்கு முன்னால் அடிக்கும் ‘குவார்த்தோஸ்’ என்ற நான்கு இரட்டை மணிகளைக் கேட்டவுடனே தின்னத் தொடங்குவது. அவை எச்சரிக்கை மணிகள்தான், அவை முடிந்து சற்று இடைவெளி விட்டு வருவதே கணக்கு. இந்த நாட்களில் கடையில் குவிந்திருக்கும் வெள்ளைத் திராட்சையில் கொட்டையும் தடித்த தோலும் இருக்கும். தோலுரித்து, கொட்டை எடுத்து, பன்னிரண்டு பழமாகவே சிறு டப்பாவில் விற்கிறார்கள், பெற்றோருக்கு அதை வாங்குங்கள். சிறு பிள்ளைகளுக்கு முழுப் பழம் வேகமாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நான்காக வெட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி ஜனவரி 5. இதற்காகத்தான் தேதியைத் தள்ளச் சொன்னது. மூன்று ராஜாக்களின் ஊர்வலம், ‘கபல்காதா’. செவியாவில் இதை 1918 முதல் அத்தெனேயோ என்ற பண்பாட்டுச் சங்கம் நடத்துகிறது. பழைய புகையிலைத் தொழிற்சாலையாக இருந்த பல்கலைக்கழகக் கட்டடத்திலிருந்து மாலை நான்கு மணி வாக்கில் ஊர்திகள் கிளம்பி, நகரைச் சுற்றி, ஆற்றைக் கடந்து திரியானாவுக்கும் போய், இரவில்தான் திரும்பும். ஊர்திகளிலிருந்து டன் கணக்கில் மிட்டாய் வாரி இறைப்பார்கள். ஊர்க்காரர்கள் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள், நீங்களும் ஒன்று கொண்டுபோங்கள். ஆனால் முன்வரிசையில் குடையை உயர்த்தினால் பின்னாலிருக்கும் பிள்ளைக்கு மறைக்கும், தாழ்த்திப் பிடியுங்கள்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். காம்பானா போன்ற நடு நகரச் சந்திப்புகளில் நெரிசல் மிகுதி, வயதானவர்களை அங்கே அழைத்துப் போகாதீர்கள். ஊர்வலம் தொடங்கும் பகுதியில் மெனென்தெஸ் பெலாயோ போன்ற அகலமான சாலைகளில் இடம் தாராளம். வெளிச்சம் இருக்கும்போதே பார்க்கவும் முடியும், குளிரும் இறங்கியிருக்காது. மூன்று மணிக்கே போய் நில்லுங்கள், பெற்றோருக்கு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். பாதை ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், அந்த ஆண்டின் வரைபடம் முன்கூட்டியே உள்ளூர் நாளிதழ்களில் வரும். மதியத்திலிருந்தே சாலைகள் அடைபடும், டாக்ஸி கிடைக்காது, ஆகவே நடந்து திரும்பக்கூடிய தொலைவில் நில்லுங்கள்.

மிட்டாய் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணாடி போடாத சிறுவர்களைச் சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். ஊர்வலம் போனபின் சாலையே பசைபோல ஒட்டும், வழுக்கவும் செய்யும். கடினச் சர்க்கரை மிட்டாய்தான் பெரும்பகுதி. மெதுவாக இழுபடும் ஜெல்லி வகைகளில் பன்றி ஜெலட்டின் இருக்கக்கூடும், சைவக்காரர்கள் அவற்றை எடுத்து வைத்துவிடலாம்.

மழை வந்தால் என்ன ஆகும்? 2025-இல் மழை முன்னறிவிப்பைப் பார்த்து ஊர்வலத்தை ஜனவரி 4-க்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே 4-ஆம் தேதி மாலைக்கு வெளியூர்ப் பயணம் எதுவும் வைக்காதீர்கள். கோர்தோபா அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்தான், 2 அல்லது 3-ஆம் தேதியில் போய் வந்துவிடுங்கள்.

5-ஆம் தேதி இரவு பிள்ளைகள் காலணியைச் சன்னலோரம் வைப்பார்கள், ராஜாக்களுக்குக் குடிக்கவும் ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைப்பார்கள். 6-ஆம் தேதி காலை ‘ரோஸ்கோன்’: வளைய வடிவ இனிப்பு ரொட்டி, மேலே பாகில் ஊறிய பழத்துண்டுகள், மாவில் ஆரஞ்சுப் பூ நீரின் வாசனை. உள்ளே ஒரு சிறு பொம்மையும் ஒரு காய்ந்த அவரைக் கொட்டையும் புதைந்திருக்கும். பொம்மை கிடைத்தவருக்குக் கிரீடம், கொட்டை கிடைத்தவர் ரோஸ்கோனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். வெட்டும்போதே தேடி எடுத்துவிடுங்கள், பல் உடையும். நல்ல அடுமனைகளில் 3-ஆம் தேதிக்குள் சொல்லி வைக்க வேண்டும். முட்டையும் வெண்ணெயும் உண்டு, பொதுவாகப் பன்றிக் கொழுப்பு சேராது.

பன்றிக் கொழுப்பு என்றதும் சொல்ல வேண்டியது, சைவக்காரர்கள் தெரியாமல் சாப்பிட்டுவிடும் பண்டம் இந்தப் பருவத்தின் மிகப் பிரபலமான இனிப்புதான். மந்தெகாதோ, போல்வொரோன் இரண்டும் செவியா மாகாணத்தின் எஸ்தெபா ஊரில் செய்து நாடு முழுக்கப் போகின்றன. காகிதத்தில் சுற்றிய, வாயில் வைத்தால் உதிரும் பிஸ்கட் போல இருக்கும். ‘மந்தெகா’ என்றாலே அதில் பன்றிக் கொழுப்பு. விடுதி வரவேற்பில் தட்டில் வைத்திருப்பார்கள், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். உறையில் ‘மந்தெகா தெ செர்தோ’ என்று இருந்தால் வேண்டாம், ‘அசெய்த்தே தெ ஒலிவா’ என்று இருந்தால் ஆலிவ் எண்ணெயில் செய்தது. அதன் பொருள் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள். துரோன் என்ற இனிப்பில் அந்தக் கவலை இல்லை: பாதாம், தேன், சர்க்கரை, முட்டை வெள்ளை. ஹிஹோனா வகை மென்மை, அலிகாந்தே வகை கடினம். பெற்றோரின் பல்லுக்கு முதலாவது. தேனில் தோய்த்த பெஸ்தீஞ்யோஸ் எண்ணெயில் பொரிப்பது, எள்ளும் சோம்பும் மணக்கும், நம் நாக்குக்கு மிக அருகில் இருக்கும்.

சாப்பாட்டுக்குச் செவியா பெயர்போன ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ உங்களைக் காப்பாற்றும். கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம், பூண்டு போட்டு வதக்கியது, ஏறக்குறைய எல்லாச் சிற்றுணவகங்களிலும் கிடைக்கும். சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின்மேல் பன்றித் துருவலும் முட்டையும் தூவுவார்கள், ‘சின் ஹமோன்’, அதாவது பன்றித் தொடை இறைச்சி வேண்டாம், என்று முன்பே சொல்லுங்கள். கலவை சாலடில் சூரை மீன் இருக்கும். ‘வெஹெத்தாரியானோ’ என்று மட்டும் சொன்னால் சிலர் மீனை விலக்க மாட்டார்கள், ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ (இறைச்சி, மீன், ஹமோன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். மதிய உணவு இரண்டு முதல் நான்கு வரை, இரவு எட்டரைக்குமேல். இடையில் பெரும்பாலான அடுக்களைகள் மூடியிருக்கும். மாத்திரை போடும் பெற்றோருக்கு இது ஒத்துவராது, அதனால்தான் சமையலறையுள்ள வீடு நல்லது. பருப்பு, அரிசி எல்லாக் கடையிலும் உண்டு, சாம்பார்ப்பொடியும் புளியும் மட்டும் கொண்டுவந்தால் போதும்.

நுழைவுச்சீட்டுகளைத் தள்ளிப் போடாதீர்கள். அல்காசார் அரண்மனை டிசம்பர் 25, ஜனவரி 1, 6 ஆகிய நாட்களில் மூடல், குளிர்காலத்தில் மாலை ஐந்துக்கே அடைப்பு. நேரம் குறித்த சீட்டு, கடவுச்சீட்டிலுள்ள பெயரே இருக்க வேண்டும். மூடல் நாட்களுக்கு முந்தைய, பிந்தைய நாட்கள் முதலில் தீர்ந்துபோகும். கதீட்ரலின் கிரால்தா கோபுரத்தில் உச்சியருகே சில படிகளைத் தவிர மற்றதெல்லாம் சாய்தளங்கள்தான், மொத்தம் 35. ஒரு காலத்தில் குதிரையில் ஏறினார்களாம். முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், செப்டம்பரிலேயே நேரம் பிடித்துவிடுங்கள். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். தலைநகர் மத்ரித்தில் இறங்கினால் விமான நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அத்தோச்சா ரயில் நிலையம், அங்கிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். 6, 7 தேதிகளின் திரும்பும் ரயில்களுக்கு முதலிலேயே சீட்டு எடுங்கள், நாடே அன்றுதான் வீடு திரும்புகிறது.

7-ஆம் தேதி காலை தள்ளுபடி விற்பனை தொடங்கும், கூட்டம் அங்கே போய்விடும். அந்த நேரத்தில் சாந்தா பாவுலா கன்னியர் மடத்துக்குப் போங்கள், உள்ளிருக்கும் துறவியர் கசப்பு ஆரஞ்சில் செய்த மர்மலேட் விற்கிறார்கள். சான் லெயாந்த்ரோ மடத்தில் முட்டை மஞ்சள் கருவில் செய்த யெமாஸ் என்ற இனிப்பை, சுவரிலுள்ள சுழல் பெட்டி வழியாக முகம் காட்டாமலே தருவார்கள். மணியடித்து, ‘ஆவே மரீயா பூரிசிமா’ என்று சொல்லி, பணத்தைப் பெட்டியில் வைத்தால் பெட்டி திரும்பும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மர்மலேட் புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமானப் பாதுகாப்புச் சோதனையில் அது திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேலிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். துணியில் சுற்றி, சரக்கில் போகும் பெட்டியின் நடுவில் வையுங்கள்.